தலைச்சோலைக்கு வந்த டாலர் வள்ளம்

போன மாதம் என் மருமகள் கைப்பேசியில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடையில் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். சேலத்தில் இல்லாத செருப்பா என்று கேட்டால் அது வேறு சண்டை. நான் அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "டாலர்ல கட்டறீங்களா, ரூபாய்ல கட்டறீங்களான்னு கேக்குது. ரூபாயே போட்டுடறேன்" என்று அவள் சொன்னது காதில் விழுந்ததுதான் தாமதம், புளிக் கையோடு கூடத்துக்கு ஓடினேன்.

"டாலரைப் போடு! ரூபாயைத் தொட்டியோ, விரலை ஒடிச்சிருவேன்!"

என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மாதான் ரிட்டயர் ஆச்சு, அம்மாவோட கவுன்ட்டர் இன்னும் ரிட்டயர் ஆகலை" என்றான். மருமகள் மட்டும் விடவில்லை. "ஏன் அத்தை, நம்ம காசுல கட்டினா நல்லதுதானே?" என்று கேட்டாள்.

இதே கேள்வியை இதே வார்த்தைகளில் ஒரு பெண் என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஏற்காட்டுக் கிளையில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் "அந்தத் தூரிகைக் கதையை எழுதி வையுங்க மேடம்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள். செருப்பு புண்ணியத்தில் இன்று எழுதி முடித்துவிடுகிறேன்.

என் ஆரம்ப காலத்தை நீட்ட மாட்டேன். வங்கித் தேர்வு எழுதினேன், தேறினேன், ஈரோடு, ஆத்தூர் என்று சுற்றினேன், கடைசியில் ஏற்காட்டுக்கு மாற்றல் வந்தது. வீடு சேலத்தில். காலையில் பஸ்ஸில் மலை ஏறுவேன், சாயங்காலம் இறங்குவேன். முதல் ஒரு மாதம் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் என் வயிற்றைத் தனித்தனியாக நலம் விசாரித்தது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியபடியே மலை ஏறிய நாட்கள் அவை. பிறகு பழகிவிட்டது. பழகியபின் அந்தக் குளிரையும் காப்பிப்பூ வாசனையையும் விட்டுவிட்டுக் கீழே வேறு கிளைக்குப் போகச் சொன்னபோது, போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வு போயிற்று. அதைப்பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது.

கிளைக்கு எத்தனையோ மேலாளர்கள் வந்து போனார்கள். நான் சொல்லவேண்டியது கதிரேசன் சாரைப்பற்றி. தெற்குச் சீமைக்காரர். மலைக்கு வந்த முதல் வாரத்திலேயே சந்தையில் ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். தின்பதற்காக என்று நினைத்தோம். ஆனால் அது வேலைக்கான சாமான்.

யாராவது கோபமாகப் புகார் சொல்லிக்கொண்டு அவர் அறைக்குள் நுழைந்தால், முதலில் எழுந்து நிற்பார். அவர்கள் உட்கார்ந்தபின்தான் உட்காருவார். பிறகு ஓர் ஆரஞ்சை எடுத்து, தோல் அறுபடாமல் நிதானமாக உரிப்பார். உரித்து முடிக்கும்வரை எதிரில் இருப்பவர் கத்தலாம். முடிந்ததும் சுளையை நீட்டி, "இதைச் சாப்பிட்டுட்டு முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்லுங்க" என்பார். "முதல் தடவை கோபம் வரும்மா, ரெண்டாவது தடவைதான் விஷயம் வரும்" என்பது அவர் எங்களுக்குச் சொன்ன விளக்கம். ஆரஞ்சு கிடைக்காத மாதங்களில் கொய்யா. அதை உரிக்க முடியாதே என்று நான் ஒருமுறை கேலி செய்ததற்கு, நறுக்கலாமே என்று பேனாக்கத்தியை எடுத்துக் காட்டினார்.

அந்த அறைக்குத்தான் ஒரு நாள் பழனியம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பழனியம்மாள் தலைச்சோலைக்காரர். நாற்பது வயதிருக்கும். கொஞ்சம் காப்பி, அதற்குள் மிளகு, ஓரத்தில் சாமை என்று சொந்தக் காடு வைத்திருந்தார். அவர் ஊர்ச் சிறு விவசாயிகள் பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அந்தக் குழுவுக்கு நீண்ட நாளாக ஒரு எரிச்சல். காய்ந்த காப்பியை வாங்க வரும் வியாபாரி, கையில் ஒரு கருவியைக் கொண்டு வருவான். கொட்டையை அதற்குள் போட்டு, "ஈரம் ஜாஸ்தி" என்று சொல்லி விலையைக் குறைப்பான். ஈரம் எவ்வளவு என்பது அவன் கருவிக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம். நாமே ஒரு ஈரமானி வாங்கிவிட்டால் என்ன என்று குழு முடிவு செய்தது. காப்பிக்கென்று செய்த கருவி ஒரு வெளிநாட்டு இணையக் கடையில் இருந்தது. குழுவில் வங்கி அட்டையும் கைப்பேசிப் பழக்கமும் உள்ளவர் பழனியம்மாள்தான். எல்லோரும் பங்கு போட்டு ரொக்கத்தை அவரிடம் கொடுத்தார்கள், அவர் தன் கணக்கிலிருந்து கட்டுவது என்று ஏற்பாடு.

அவர் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டதே நான்தான். "சிங்கப்பூருக்கா பயணம்?" என்று கேலி செய்தேன். "ஆமாங்கக்கா, எங்க ஊட்டுக் காப்பி போறதுக்கு முன்னால நான் போய்ப் பாத்துட்டு வரேனுங்க" என்று சிரித்தார்.

கருவி வந்து சேர்ந்தது. நன்றாகவும் வேலை செய்தது. சுங்க வரிக்குக் கூரியர்காரர் தனி ரசீது கொடுத்தார், அதில் தகராறு இல்லை. தகராறு விலையில் வந்தது. கருவியின் டாலர் விலையை அன்றைய மாற்று மதிப்பில் பெருக்கித்தான் குழு பணம் வசூலித்திருந்தது. பழனியம்மாள் கணக்கில் பிடித்த தொகையோ அதைவிட அதிகம். சில நாள் கழித்து இன்னொரு சிறு தொகையும் பிடித்திருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு குடும்பம் போட்ட பங்கைவிடக் கூடுதல். மீதியைக் கொடுங்கள் என்று அவர் குழுவில் கேட்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

குழுவின் பொருளாளர் கோவிந்தன், பழனியம்மாளின் கணவருக்கு அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். ஒரு காசு பிசகாதவர் என்று ஊரில் பெயரெடுத்தவர், அவர் ஒரு சொல் சொன்னால் ஊர் நம்பும். "டி.வி.ல சொன்ன ரேட்டுக்கு நானே பெருக்கிப் பாத்தேன், இவ்வளவு வராது. வேற என்னமோ சேத்து வாங்கியிருக்கு" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். அந்த மாதம்தான் பழனியம்மாள் மிளகு விற்ற காசில் மகளுக்கு ஒரு ஜோடிக் கம்மல் எடுத்திருந்தார். கூட்டத்தின் கண் கம்மலுக்குப் போய்விட்டது.

இதில் ஒரு கொடுமை உண்டு. அந்த ஊரின் பழைய குடும்பங்களில் கணவனின் அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. மச்சாண்டார் என்றால் அவ்வளவு மரியாதை. அவர் வந்தால் எழுந்து ஓரமாக நிற்பார்கள், சொல்லவேண்டியதை வேறொருவரிடம் சொல்வார்கள். திருடி என்று சொன்ன மனிதருக்குத் தன் வாயால் பதில் சொல்லும் வழியே பழனியம்மாளுக்கு இல்லை.

கதிரேசன் சார் கொடுத்த சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், இரண்டாவது தடவை சொன்னார்.

"வர்ற பௌர்ணமிக்குக் கோயில்ல கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்றாங்க சார். பண்ணிப்போட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா சத்தியம் வச்சவ ஊடுன்னு பேரு நின்னுருமுங்க. புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்குற நேரமுங்க. எனக்குக் காசு வேண்டாமுங்க. நான் எடுக்கலீங்கிறது தெரிஞ்சாப் போதுமுங்க."

பாஸ்புக்கைக் காட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பாஸ்புக் தொகையைத்தான் சொல்லும், அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லாது. கோவிந்தன் சொன்னதும் அதையேதான்.

நான் புகாரைப் பதிய உட்கார்ந்தேன். கணினியில் காரணம் கேட்டது. டாலரா ரூபாயா என்று கடை கேட்டபோது பழனியம்மாள் தானே ரூபாய் என்பதை அழுத்தியிருக்கிறார், அதனால் "வாடிக்கையாளர் தேர்வு" என்ற வரியை எடுத்தேன். பின்னால் நின்ற கதிரேசன் சார், "இருங்கம்மா. அவங்க நின்ன இடத்துல போய் நின்னு பார்த்துட்டு அப்புறம் எழுதுங்க" என்றார். தன் கைப்பேசியை எடுத்து, அதே கடையில் அதே கருவியைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம்வரை போனார். மூன்று பேரும் தலையைச் சேர்த்துப் பார்த்தோம். ரூபாய் விலை கொட்டை எழுத்தில் பச்சைக் கட்டத்துக்குள் இருந்தது. டாலர் விலை அதற்குக் கீழே, வெளுத்துப்போய். அதற்கும் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி. மாற்று மதிப்பில் கடையின் கூடுதல் தொகையும் அடக்கம் என்று அது சொன்னது. நானே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத்தான் படித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். டாலரில் கட்டினால், டாலரை ரூபாயாக மாற்றும் வேலையை நம் வங்கிப் பக்கம் செய்யும், ஏறக்குறைய அன்றைய மதிப்பிலேயே. ரூபாயில் கட்டுகிறேன் என்றால், அந்த மாற்றலைக் கடைக்காரனே செய்துகொள்வான், தனக்குப் பிடித்த மதிப்பில். அவன் நூற்றுக்கு ஐந்தாறு ரூபாய் கூடுதலாக வைத்திருந்தான். கடை வெளிநாட்டில் இருப்பதால், எந்தக் காசில் கட்டினாலும் எங்கள் வங்கியும் தன் கட்டணத்தைப் பிடிக்கும். பிறகு பிடித்த அந்தச் சிறு தொகை எங்களுடையது. அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

"ஏனுங்கக்கா, நம்ம காசுல கட்டுனா நல்லதுதானுங்களே?" என்று பழனியம்மாள் அப்போதுதான் கேட்டார். "எங்கப்பாரு சொல்லிச்சொல்லி வளத்தாருங்க. வியாபாரி அவனோட வள்ளத்த எடுத்துட்டு வருவான், அதுல அளக்காத, நம்மூட்டு வள்ளத்துல அளந்து குடுன்னு. அதனாலதான் நம்ம ரூபாயப் பாத்ததும் நெஞ்சு நெறைஞ்சு அமுக்குனேனுங்க."

வள்ளம் என்பது அந்தப் பக்கத்தில் தானியம் அளக்கும் படி. பெரிய வள்ளத்தில் வாங்கிச் சிறிய வள்ளத்தில் விற்ற வியாபாரிகளைப் பார்த்துப் பார்த்துத் தேறிய மக்கள் அவர்கள். ஏமாறாமல் இருக்கத் தகப்பன் சொல்லிக்கொடுத்த பாடம் ஏமாற்றியவனுக்கே உதவிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கடைக்காரன் எதிரில் இருந்திருந்தால் ஆரஞ்சுச் சுளை எல்லாம் கொடுத்திருக்க மாட்டேன்.

"தேர்வுன்னு எழுதாதீங்கம்மா" என்றார் கதிரேசன் சார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டியிருந்தாத்தான் அது தேர்வு." அவரே தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வரப் பௌர்ணமி தாண்டிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். "ஊர்ல போய்ச் செஞ்சு காட்டிடுங்க. நான் வந்தா பஞ்சாயத்து ஆயிடும். நீங்க போனா விருந்தாளி" என்று என்னை அனுப்பினார்.

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மதியம் ஷேர் ஜீப்பில் தலைச்சோலையில் போய் இறங்கினேன். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கவுண்டர், குழுக் குடும்பங்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் என்று நல்ல கூட்டம். தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது. பழனியம்மாள் பெண்களுக்குப் பின்னால், முகம் செத்துப்போய் நின்றார். பக்கத்தில் மகள், காதில் கம்மல் இல்லை.

ஊர்க்கவுண்டரிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"மேல தண்ணி டேங்குகிட்டப் போனா வருமுங்க" என்று யாரோ சொன்னார்கள். மொத்த ஊரும் கிளம்பி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே டேங்குக்கு ஏறியது. கற்பூரத் தட்டோடு பூசாரியும் வந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் கடையில் ஈரமானியைத் துடைக்கும் சின்னத் தூரிகை ஒன்று தனியாக விற்றது. அதைக் கூடையில் போட்டுப் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தேன். கைப்பேசியைக் கோவிந்தனிடம் நீட்டினேன்.

"பெரியவரே, நீங்க கட்டறதா இருந்தா இதுல எதை அழுத்துவீங்க?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். யோசிக்கவே இல்லை. "நம்ம ரூபாயத்தானுங்க. அவன் காசு நமக்கெதுக்குங்க?" என்றார். கூட்டம் முழுக்கத் தலையாட்டியது.

"அழுத்துங்க."

அழுத்தினார். ரகசிய எண்ணை நான் கையால் மறைத்துக்கொண்டு அடித்தேன். யாருக்கும் காட்டாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னவள் நான், ஊரே கூடி நின்றாலும் சட்டம் சட்டம்தான். பெண்கள் சிரித்தார்கள். குறுஞ்செய்தி வந்தது. கோவிந்தனையே படிக்கச் சொன்னேன். பிறகு அதே தூரிகையை மறுபடி கூடையில் போட்டு, இந்த முறை டாலரை அழுத்தச் சொன்னேன். மனசில்லாமல் அழுத்தினார். இரண்டாவது குறுஞ்செய்தி வந்தது. படித்தார். மறுபடி முதலாவதைப் படித்தார்.

"ஒரே சாமான்தானுங்களே?"

"ஒரே சாமான்தான்."

"ரூபாயில கட்டுனது ஜாஸ்தியா இருக்குதுங்களே?"

"இன்னும் ரெண்டு நாள்ல எங்க பேங்கும் ரெண்டுக்கும் கட்டணம் பிடிக்கும். பழனியம்மா பாஸ்புக்குல இருக்கற ரெண்டாவது வரி அதுதான்."

கோவிந்தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டார். தூரிகைக்கு நூற்றுக்கு எவ்வளவு கூடியதோ, கருவிக்கும் அவ்வளவு என்று வைத்துப் பெருக்கினார். முடித்துவிட்டு உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊர்க்கவுண்டரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"பேருதான் நம்ம வள்ளமுங்க. அளந்து போட்டது வியாபாரி கையிங்க. நானும் அதத்தானுங்களே அமுக்குனேன்?"

இதைவிட நன்றாக எங்கள் தலைமை அலுவலகத்தில்கூட யாரும் இதைச் சொன்னதில்லை.

பூசாரி தட்டைப் பிடித்தபடி, இப்போது என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார். ஊர்க்கவுண்டர், "கொண்டாந்தத அம்மனுக்குக் காட்டிப்போடு" என்றார். எல்லோரும் கீழே இறங்கினோம். சத்தியத்துக்கு வைத்த கற்பூரம் சாதாரண தீபாராதனையாக எரிந்தது. தட்டு வழக்கப்படி முதலில் ஊர்க்கவுண்டருக்குப் போகவேண்டும். கோவிந்தன் அதைப் பூசாரி கையிலிருந்து வாங்கினார். ஆண்களைத் தாண்டி, பெண்கள் பக்கம் நடந்துபோய், தம்பி மனைவிக்கு முன்னால் தலையைக் குனிந்தபடி நீட்டினார். பழனியம்மாள் ஒற்றிக்கொள்ளவில்லை, முகத்தைக் கையில் மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சுடரை முதலில் ஒற்றிக்கொண்டது அவர் மகள்தான்.

கடைக்காரன் கூடுதலாக எடுத்தது திரும்பவில்லை, நீங்கள்தானே அழுத்தினீர்கள் என்று சொல்லிவிட்டான். எங்கள் வங்கி தன் கட்டணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தது. மீதியைக் குழு பொதுவில் ஏற்றுக்கொண்டது. தூரிகைகளுக்கு ஆன செலவில் பாதியைக் கதிரேசன் சார் வற்புறுத்தி என் கையில் திணித்தார். அதன்பிறகு அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறக்க வருகிற ஒவ்வொருவரிடமும் "அவங்க காசுலயே கட்டுங்க" என்று சொல்லாமல் நான் அனுப்பியதில்லை. சிலர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். வியாபாரி இப்போது தன் கருவியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறானாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் அவர்கள் இருவரும் கிளைக்கு வந்தார்கள். கோவிந்தன் முன்னால், பழனியம்மாள் நாலடி தள்ளிப் பின்னால். குழுவின் கணக்கில் பொருளாளர் பெயரை மாற்றவேண்டும் என்றார் கோவிந்தன். தன் பெயரை எடுத்துவிட்டுப் பழனியம்மாள் பெயரைப் போடச் சொன்னார்.

"ஏனுங்க, நல்லாத்தானே பாத்துட்டிருந்தீங்க?" என்றேன். அவர்களோடு பேசிப் பேசி எனக்கும் ஏனுங்க ஒட்டிக்கொண்டிருந்தது.

"சத்தியம் கேட்ட வாயி இனிக் கணக்குக் கேக்கக் கூடாதுங்க" என்றார்.

நான் படிவத்தை எடுத்தேன். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. என்னிடம் இல்லை. பழனியம்மாள் முன்னால் வந்து, கவுன்ட்டரில் கையை ஊன்றிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக அவரை நேரே பார்த்துப் பேசினார்.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க மாமா. ஒருத்தர் கையில மட்டும் இருந்தா வள்ளம் சாயுமுங்க."

கோவிந்தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முதலில் அவரிடம் நீட்டினார்.